பத்தொன்பது அமலிகள்

எங்கள் கருக்காம்பட்டியில் செத்தவர்கள் திரும்பி வந்து தெருவில் நின்ற வருஷத்தைப் பற்றி ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், பங்குச் சாமியார் ஒன்று சொல்வார், மில்லுக்காரர்கள் ஒன்று சொல்வார்கள், டீக்கடையில் உட்கார்ந்தால் இன்னும் நாலு கிடைக்கும், ஆனால் நடந்தது என்னவென்றால் நான் என் அக்காளிடம் ஒரு கேள்வி கேட்டேன், அவள் சொன்ன பதிலில் பாதியைத்தான் காதில் வாங்கினேன், மிச்சமெல்லாம் அதிலிருந்து வந்தது.

என் பெயர் சவரிமுத்து. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கோயம்புத்தூரில் பழைய இரும்புக் கடையில் சுமை தூக்கினேன், மூடிப்போன கம்பெனிகளின் கம்ப்யூட்டரை எடைக்கு எடுக்கிற ஒருத்தனிடம் வேலைக்கு நின்றேன், அடி வாங்கினேன், ஏமாந்தேன், ஏமாற்றக் கற்றுக்கொண்டேன், முப்பத்தொரு வயதில் ஊருக்குத் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் விற்கிற, ரிப்பேர் பார்க்கிற கடை போட்டேன். என்னுடைய பள்ளிக்கூடம் பேரம்தான். எனக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, வாடிக்கையாளருடைய ஃபோல்டரைத் திறந்து பார்க்கமாட்டேன். இரண்டு, நான் ஒரு விலை சொல்லி எதிராளி சரி என்றுவிட்டால் கழுத்தே போனாலும் பேச்சை மாற்றமாட்டேன். இந்த இரண்டையும் கடைவாசலில் நின்று மார்தட்டிச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் சேர்ந்துதான் என் அக்கா மகளை இரண்டாம் தடவை கொன்றன.

கம்ப்யூட்டர் விற்கும்போது அதன் வயிற்றை இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது என் வழக்கம். சி டிரைவ் மெஷினுக்கு, டி டிரைவ் உனக்கு என்று சொல்லிக் கொடுப்பேன். மெஷினுடைய பாதி என்றைக்காவது சீக்கு வந்து படுக்கும், அன்றைக்கு நான் அதை அடியோடு வழித்துக் கொட்டிவிட்டுப் புதுசாக ஊற்றுவேன், உன் போட்டோ, உன் கடிதம், உன் பத்திரம் எல்லாம் உன் பாதியில் இருந்தால் அதன் மேல் என் கை படாது, மெஷினுடைய பாதியில் கொண்டுபோய் வைத்தாயானால் அப்புறம் என்னிடம் வந்து அழாதே என்பேன். டி டிரைவுக்கு எங்கள் சனம் கேட்டால் 'அந்தோணியார்' என்று பேர் போட்டுக் கொடுப்பேன், தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே. மற்றவர்களுக்கு அவரவர் குலசாமி பேர். இப்படி ஊர் முழுக்க முந்நூறு மெஷினில் முந்நூறு சாமி காவல் இருந்தது. ஆனால் மெஷினைப் போட்டதும் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிற டெஸ்க்டாப் யாருடைய பாதி என்று நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை. ஒருத்தரும் கேட்டதும் இல்லை. முன்னால் தெரிகிறதெல்லாம் நம்முடையது என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அது மெஷினுடைய பாதி.

அக்கா பேர் லூர்து. என்னைத் தூக்கி வளர்த்தவள். தாலுகா ஆபீஸ் வாசலில் புளியமரத்துக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் உட்கார்ந்து பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, ரேஷன் கார்டு என்று ஊருக்கு மனு அடித்துக் கொடுப்பாள். புருஷன் இல்லை. ஒரே மகள் அமலி. பன்னிரண்டாவது முடித்ததும் ஊருக்கு மேற்கே இருக்கிற நூல் மில்லுக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் போனாள், உள்ளேயே ஹாஸ்டல், மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வெளியே விடுவார்கள். இரண்டாம் வருஷம் ஆகஸ்டில் மில் வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். காய்ச்சல் என்றார்கள். காகிதத்திலும் காய்ச்சல் என்றே எழுதியிருந்தது. இடது மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டதுபோல நீலமாக இருந்தது, அதைப் பற்றிக் காகிதத்தில் ஒன்றும் இல்லை. பத்தொன்பது போட்டோ மிச்சம்.

பிப்ரவரியில் அக்காவின் மெஷின் படுத்துவிட்டது. சிபியுவைத் துண்டில் சுற்றி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். நான் அப்போது போனில் இருந்தேன், மூடப்போகிற ஒரு காலேஜின் முப்பது மானிட்டரை அடிமாட்டு விலைக்குப் பேசிக்கொண்டிருந்தேன், எதிராளி இறங்கி வருகிற நேரம், அந்த நேரத்தில் எனக்குக் கடவுளே வந்தாலும் கண் தெரியாது.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "எல்லாம் டி-லதானக்கா இருக்கு?" என்றேன்.

"ஆமாடா. அமலி ஃபோல்டரக் கண்ணு முன்னாடியே வச்சிருக்கேன்."

எனக்கு 'ஆமாடா' போதுமாக இருந்தது. மானிட்டர் பேரமும் முடிந்தது, சி டிரைவும் வழித்துக் கொட்டியாயிற்று, மேலே புதுசாக ஊற்றியும் ஆயிற்று, சாயங்காலம் அக்கா வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, வரவில்லை.

மறுநாள் காலை கடை திறக்க வந்தபோது ஷட்டருக்கு முன்னால் பத்தொன்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஏதோ பள்ளிக்கூடத்துக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த கூட்டம் என்று நினைத்து வரிசையில் நில்லுங்கள் என்று சத்தம் போட்டேன். ஒருத்தியும் அசையவில்லை. புதுநன்மை என்று கோயிலில் முதல் நற்கருணை வாங்கின அன்றைய வெள்ளைக் கவுனில் ஒருத்தி, கையில் எரிகிற மெழுகுவர்த்தி, மெழுகு உருகவில்லை. ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்த கப்போடு ஒருத்தி. கைக்குழந்தையாக ஒருத்தி, தூக்குகிற ஆள் இல்லாமல் இடுப்பு உயரத்தில் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தாள். கைக்குழந்தையைத் தவிர, தாடை தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே தழும்பு, அது என் சைக்கிளில் இருந்து விழுந்து வாங்கின தழும்பு. அதில் ஏழு பேர் முழுசாக இல்லை. நான் மேலே ஊற்றின சிஸ்டம் அவர்கள் இருந்த இடத்தில் பாதியை மூடியிருந்தது, ஒருத்திக்கு இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம், ஒருத்திக்கு ஒரு தோளும் ஒரு காதும்தான்.

அக்காவுக்கு ஆள் அனுப்பினேன். வந்தாள், ஒவ்வொருத்தியையும் பார்த்தாள், கடைசி வரைக்கும் பார்த்து முடித்தாள். அவள் அழுவாள், என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். இத்தனை பேருக்கு வீட்டில் பாய் கிடையாதே என்று மட்டும் சொன்னாள்.

சொந்தக்காரர் கையைப் பிடித்தால்தான் அவர்கள் நடந்தார்கள். மற்றவர் கைக்கு இரும்பு பீரோ கனம். ஆகவே அக்காவும் தாய்மாமன் நானுமாக ஒருத்தி ஒருத்தியாகக் கடைவீதியைத் தாண்டிக் கூட்டிப்போனோம், அவள் பத்து நடை, நான் ஒன்பது நடை, திண்டுக்கல் பஸ் ஒவ்வொரு நடைக்கும் நின்று வழிவிட்டது, டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் அந்த ஒற்றை அறை வீட்டில் சோறு வடிக்க இடம் இல்லாமல் போனது, அக்கா அடுப்பை வாசலுக்கு மாற்றிக்கொண்டாள்.

அவர்கள் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, படுப்பதில்லை. போட்டோவில் எப்படி நின்றார்களோ அப்படி நிற்பார்கள். எனக்கு இருப்புக்கொள்ளாமல், என்ன மிச்சம் இருக்கிறது பார்ப்போம் என்று அந்த ஹார்ட் டிஸ்கைக் கடையில் மாட்டி ஒரு பில் அடித்து அதிலேயே சேமித்தேன், பத்து நிமிஷத்தில் அக்கா ஓடி வந்தாள், கப் வைத்திருந்தவளுக்கு முழங்கால் இரண்டும் சாம்பலாகிவிட்டது என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழித்துக் கொட்டுவது என்று நான் இத்தனை வருஷம் சொன்னது பொய். பதிவேட்டில் பேரைத்தான் அடிக்கிறோம், ஆள் இருந்த இடத்திலேயே இருக்கிறாள், மேலே வேறொன்றைக் கொண்டுபோய் வைக்கிறவரைக்கும் இருப்பாள். டிஸ்கைக் கழற்றித் துண்டில் சுற்றி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அக்காவுக்கு மனு அடிக்க வேறு மெஷின் கொடுத்தேன்.

ஊர் சும்மா இருக்குமா? ஒரு வாரம் கழித்துத் தபால்காரர் சம்சாரம் வந்தாள், செத்துப்போன புருஷன் போட்டோ எல்லாவற்றையும் குலசாமி டிரைவிலிருந்து எடுத்து டெஸ்க்டாப்பில் போட்டுவிட்டேன், வழித்துவிடுங்கள் என்றாள். அவளுக்குப் பின்னால் ஆறு பேர் சிபியுவோடு நின்றார்கள். அதுவரைக்கும் 'எல்லாம் டி-லதானே' என்று கேட்டுக்கொண்டிருந்த நான், அதற்குப் பிறகு 'எல்லாம் டெஸ்க்டாப்லதானே' என்று கேட்கத் தொடங்கினேன். கேட்பதோடு சரி, எதையும் திறந்து பார்க்கவில்லை. சட்டம் சட்டம்தான். இரண்டு மாதத்தில் நானூறு பேர் ஊருக்குள் வந்து சேர்ந்தார்கள்.

வந்தவர்களுக்கு ஊர் இடம் பண்ணிக்கொண்டது. மினிபஸ் கண்டக்டர் அவர்களைத் தலைக்கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தார். ரேஷன் கடையில் அரிசி உண்டா என்று கேட்டார்கள், வாய் திறக்காதவருக்கு எதற்கு அரிசி என்று விட்டுவிட்டார்கள். பங்குச் சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில், இவர்கள் ஆத்துமாவும் அல்ல சரீரமும் அல்ல, நற்கருணை கிடையாது, பின்வரிசையில் நிற்கலாம் என்றார். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியைக் கல்லறையில் ஏற்றுவதா வீட்டில் நிற்கிறவருக்கு முன்னால் ஏற்றுவதா என்று சண்டை வந்து, பாதிப் பேர் இரண்டு இடத்திலும் ஏற்றினார்கள். அவர்கள் மேல் தூசி படிந்தது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் ஈரத்துணியால் அவர்களையும் துடைத்துவிடுவது வழக்கமாகிப்போனது, காதுக்குப் பின்னால் துடைக்கும்போது சிலர் மெல்லப் பேசிக்கொண்டே துடைப்பார்கள்.

அப்புறம் அலுத்துவிட்டது. எத்தனை நாளைக்குத்தான் அதே சிரிப்பு. வீட்டுக்கு வந்த புது மருமகள், மாமியார் மூலையில் நின்று சிரிக்கிறாள், நான் சேலை மாற்றுவது எங்கே என்றாள். தபால்காரர் கல்யாணக் கோலத்தில் இருபத்தாறு வயதில் நின்றார், சம்சாரத்துக்கு அறுபது, அவளுக்கு அவர் பேரன்மாதிரி இருந்தார். குடித்துவிட்டு உதைத்தே பெண்டாட்டியின் பல்லை உதிர்த்த ஒருத்தர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டே நின்றார், அவள் அவரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள். சனிக்கிழமைத் துடைப்பு மாதத்துக்கு ஒன்றானது.

அந்த நேரம் பார்த்துத்தான் மில் மேனேஜர் தனஞ்செயன் ஊருக்குள் வந்தார். வீடு வீடாகப் போய் நிற்கிறவர்களின் கையை மட்டும் பார்த்தார். கல்யாணப் போட்டோவில் மாலை மாற்றுகிறவர்களுக்கு இரண்டு கையும் மார்புக்கு நேரே தூக்கி இருக்கும், விரல் பாதி மடங்கி இருக்கும். மாலையை உருவிவிட்டால் அறுந்த நூலை முடிச்சுப்போட அதைவிடத் தோதான கை கிடையாது. நூல் சுற்றுகிற கதிருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் நூல் தானாகவே அந்த விரலுக்குள் ஓடி ஒட்டிக்கொண்டது. தூக்கம் இல்லை, பசி இல்லை, மாதம் ஒரு ஞாயிறும் வேண்டாம். வீட்டுக்கு மாதம் ஒரு மூட்டை அரிசி என்றார். சும்மா இங்கே நிற்கிறது அங்கே நிற்கட்டும் என்று சனம் தத்தம் அப்பனை, ஆத்தாளை, அண்ணனைக் கையைப் பிடித்து மில் கேட் வரைக்கும் கூட்டிப்போய் விட்டுவிட்டு, அரிசியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்பியது. வாசல்படியில் திரும்பிப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அரிசி நல்ல அரிசி.

இதில் என் பங்கை மறைக்கமாட்டேன். மேனேஜர் அக்கம்பக்கத்து ஊர்க் கல்யாண ஸ்டூடியோக்களில் இருந்து பெட்டி பெட்டியாகப் பழைய ஆல்பம் கொண்டுவந்து கொடுத்தார், நான் ஏற்றினேன், வழித்தேன், யார் என்ன என்று பார்க்கவில்லை, பேரம் மட்டும் நன்றாகப் பேசினேன். அந்தந்த ஊர்ச் சொந்தக்காரர்கள் அரிசிக்கு வந்து கையைப் பிடித்து மில்லுக்குக் கூட்டிப்போனார்கள்.

அக்கா அமலியில் ஒருத்தியைக்கூட அனுப்பவில்லை. அவளுடைய நாளெல்லாம் பத்தொன்பதாவதோடு போனது. அது கடைசிப் போட்டோ. சாவதற்கு ஒரு வாரம் முன்னால் ஹாஸ்டல் மொட்டைமாடியில் கூட இருந்த பெண் போனில் எடுத்தது, அமலி போன பிறகுதான் அக்காவுக்கு வந்து சேர்ந்தது. மில் கொடுத்த நீலக் கோட்டு, தலையில் பஞ்சு, இடது கையைக் கேமராவுக்கு நேரே நீட்டி உள்ளங்கையை விரித்திருப்பாள், மணிக்கட்டில் அந்த நீலம், வாய் பாதி திறந்திருக்கும். அக்கா அவளுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து அந்த வாயையே பார்ப்பாள், தன் வாயையும் அப்படி வைத்துப் பார்ப்பாள், அது என்ன சொல்லின் நடு என்று தேடுவாள். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். எழுத்தர் மணிக்கட்டை உற்றுப் பார்த்துவிட்டு, அம்மா இது ஆளா போட்டோவா என்று முடிவாகாமல் எதிலே சேர்க்கிறது என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

ஊரே தன் ஆட்களை மில்லுக்குக் கொடுத்து முடித்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலை அக்கா பத்தொன்பதாவது அமலியின் வலது கையைப் பிடித்து மில்லுக்குப் போனாள். உள்ளே விடவில்லை. கேட்டுக்கு நடுவில் ரோட்டைப் பார்க்க அவளை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து மனு அடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

பஞ்சு லாரி வந்தது. ரோட்டில் ஒருத்தர் கையை நீட்டி மறித்தால் நிற்பது டிரைவர் வழக்கம். நின்றார், இஞ்சினை அணைத்தார், பீடி பற்றவைத்தார், அவள் கையை இறக்குவாள் என்று காத்திருந்தார். அவள் இறக்கவில்லை. இவருக்குப் பின்னால் இன்னொரு லாரி, அதற்குப் பின்னால் இன்னொன்று. மறுநாள் சாயங்காலம் முதல் டிரைவர் ரோட்டோரம் ஒரு கட்டிச் சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார், பதினோரு லாரியும் திரும்பிப்போயின. மில் அவளைக் கிரேன் வைத்துத் தூக்கிப் பார்த்தது, சங்கிலி அறுந்தது. ஒன்பதாம் நாள் பஞ்சு இல்லாமல் கதிர் நின்றது, உள்ளே இருந்த செத்தவர்கள் நூல் இல்லாத கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நின்றார்கள்.

பத்தாம் நாள் மேனேஜர் என் கடைக்கு வந்தார். டிஸ்க் யாரிடம் இருக்கிறது, அதை அழித்தால் அமலி கேட்டிலிருந்து போய்விடுவாள் என்று ஊரில் தெரியாதவர் இல்லை. உட்கார்ந்து, டீ சொல்லச் சொன்னார், என்ன வேண்டும் சொல் என்றார். எனக்குத் தலைக்கேறியது. அக்காள் மகளை வேனில் போட்டு இறக்கினபோது வேன் ஜன்னல் ஸ்கிரீனை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தது இந்த ஆள்தான். விரட்டுவதற்கு என் பாஷையில் ஒரே வழி உண்டு, எதிராளி எழுந்து ஓடுகிறமாதிரி ஒரு விலை சொல்லவேண்டும்.

"ஹாஸ்டல மூடு" என்றேன். "உள்ள இருக்கிற பிள்ளைக அத்தன பேரையும், ஒருத்தி பாக்கியில்லாம, வர வேண்டியதக் கையில குடுத்து ஊருக்கு அனுப்பு. கடைசிப் பிள்ளை பஸ் ஏறினதும் டிஸ்க் உன் கையில."

இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். அந்த மில்லே அவர்கள் கையில்தான் ஓடியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார், டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி, சவரிமுத்து. நீயே கேட்டதுதான" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாலை மாற்றுகிற கைகள் நானூறு உள்ளே இருக்கும்போது சோறு போட வேண்டிய கை அவருக்கு எதற்கு. நான் விலை சொல்லவில்லை, அவர் செய்ய இருந்த வேலைக்கு எனக்கே தெரியாமல் கூலி கொடுத்திருக்கிறேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். பதினெட்டு அமலிகளுக்கு நடுவே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், கைக்குழந்தை அமலியின் காலில் பூச்சி கடிக்காமல் துணி சுற்றியிருந்தாள். கேட்டு முடித்துக் கையில் இருந்த கீரைத்தண்டைத் துண்டுதுண்டாக ஒடித்தாள்.

"முதல்ல என்னக் கேட்டுட்டு அப்புறம் பேசணும்னு உனக்கு எப்பத்தான்டா தோணும்" என்றாள்.

வேறு டிஸ்கைக் கொடுத்துவிடலாம் அக்கா, அவனுக்கு எந்த டிஸ்க் எது என்று தெரியாது, என்றேன். என் இரண்டாவது சட்டத்தை முதல் தடவையாக உடைக்கத் தயாராக இருந்தேன். அவள் கேட்டில் இல்லாமல் இங்கே வீட்டில் நின்றாலும் அவனுக்குத் தெரியாதா, அடுத்த பஸ்ஸிலேயே அந்தப் பிள்ளைகளைத் திரும்ப அள்ளிக்கொண்டு வந்துவிடுவானே என்றாள். எத்தனை பிள்ளைகள் என்று மறுபடி கேட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு என்றேன். கீரையை அலச எழுந்து போனாள்.

வியாழக்கிழமை காலை பிள்ளைகள் தகரப்பெட்டியும் பக்கெட்டுமாக வெளியே வந்தார்கள். கேட்டில் அமலி கை நீட்டியிருந்ததால் பஸ் உள்ளே வரவில்லை, மெயின் ரோடு வரைக்கும் நடந்தார்கள். நடக்கும்போது ஒவ்வொருத்தியும் அந்த உள்ளங்கையில் தன் உள்ளங்கையை வைத்து எடுத்துவிட்டுப் போனாள். அக்கா வேப்பமரத்தடியில் நின்று இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் பார்த்தாள், பக்கத்தில் நான். ஒரு ஒல்லிப் பெண் மட்டும் அமலிக்கு எதிரே பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றுவிட்டாள். பேர் கஸ்தூரி, பரமக்குடிப் பக்கம். அந்தப் போட்டோவை எடுத்தவள் அவள்தான்.

அக்கா அவளிடம் போனாள். சுற்றி வளைக்கவில்லை. "என்னம்மா சொல்றா அதுல?"

கஸ்தூரி பெட்டிக் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். கதிரில் கை சிக்கி நாலு நாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்று கேட்டோம், எண்ணெய் தேய்த்துவிட்டு ஷிஃப்டுக்குப் போகச் சொன்னார்கள், அதை ஊருக்குக் காட்டலாம் என்றுதான் நான் போனை எடுத்தேன் என்றாள். அப்புறம் அமலியின் வாயைப் பார்த்துச் சொன்னாள்.

"வேணாம்டி, எங்கம்மா பாத்தா பயந்துரும்னா, அம்மா. கைய மறைக்கத் தெரியாம அந்தக் கையவே நீட்டிட்டா."

அக்கா தலையை ஆட்டினாள். கஸ்தூரியின் பெட்டியைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டாள், சும்மாடு கோணலாக இருந்ததைச் சரிசெய்தாள். கடைசிப் பிள்ளை பஸ் ஏறினதும் கேட்டுக்கு நடந்துபோய் அமலியின் கையைப் பிடித்தாள். இந்தத் தடவை இடது கையை, நீட்டியிருந்த கையை. வீட்டுக்குக் கூட்டிவந்தாள். எங்களுக்குப் பின்னால் முதல் லாரி மில்லுக்குள் நுழைகிற சத்தம் கேட்டது.

மத்தியானம் டிஸ்கை அக்கா வீட்டுக்கே கொண்டுபோனேன். கொடுப்பதற்கு முன்னால் என் கையில் ஒரு வேலை மிச்சம் இருந்தது. பேர் அடித்த ஃபைலைத் தோண்டி எடுத்து வேறு டிஸ்கில் வைக்கலாம், அந்தோணியார் டிரைவில், யார் கையும் படாத பாதியில். ஆனால் போட்டோ உள்ளே போனால் வெளியே நிற்கிறவள் இருக்கமாட்டாள். இதை இந்தத் தடவை முழுசாகச் சொன்னேன், இரண்டு தடவை சொன்னேன், அவள் பதில் சொல்லி முடிக்கிறவரைக்கும் காத்திருந்தேன். ஒவ்வொருத்தியாக எடு என்றாள். சின்னவளில் இருந்து எடு என்றாள்.

கைக்குழந்தையை எடுத்தேன். காலில் சுற்றியிருந்த துணி தரையில் விழுந்தது. புதுநன்மைக்காரி போனாள், மெழுகு வாசம் கொஞ்சம் நின்றது. பாதியாக நின்றவர்கள் பாதியாகவே போனார்கள். கப் வைத்திருந்தவளை எடுக்கும்போது நான் அடித்த பில்லின் இரண்டு வரி அவள் முழங்கால் இருந்த இடத்தில் தெரிந்தது, முப்பது மானிட்டர், வாங்கின விலை. வீடு காலியாகக் காலியாகப் பெரிசானது. ஆள் மறைத்திருந்த சுவரில் மாதக் காலண்டர் பிப்ரவரியிலேயே நின்றது தெரிந்தது. பதினெட்டு முடிந்தது.

பத்தொன்பதாவதுக்கு மவுஸை நகர்த்தினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ வேணாம்னு சொன்ன படம்டா அது" என்றாள். "வைக்காத."

டிஸ்கை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் என் கண் முன்னாலேயே அதை ஃபிட்டர் கடை டிரில்லில் நாலு இடத்தில் துளைக்கச் சொன்னார். அந்த நேரம் வீட்டில் அமலி காலில் இருந்து சாம்பலாகி மேலே மேலே ஏறியதாக அக்கா பிற்பாடு சொன்னாள், கோட்டு, கழுத்து, தழும்பு, பாதி திறந்த வாய், கடைசியில் அந்த இடது கை, நீலத்தோடு. போகிறவரைக்கும் அவள் அதைப் பிடித்திருந்தாள். பிடித்திருந்த விரலைக் குவித்தபடியேதான் நான் திரும்பிப் போனபோதும் உட்கார்ந்திருந்தாள்.

மில் ஓடுகிறது. மூன்று ஷிஃப்டும் ஓடுகிறது, உள்ளே விளக்குகூடப் போடுவதில்லை என்கிறார்கள், அவர்களுக்கு எதற்கு விளக்கு. அரிசி மூட்டை நாலு மாதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. கொடுத்ததைத் திரும்பக் கூட்டிவரலாம் என்று போனவர்களுக்குக் கேட் திறக்கவில்லை. ஊருக்கு அனுப்பின பிள்ளைகளில் பாதிப் பேர் வேறு மாவட்டத்தில் வேறு மில்லுக்குப் போய்விட்டார்கள், நாலைந்து பேருடைய அப்பன்மார் என் கடை வாசலில் வந்து நின்று, வேலையைக் கெடுத்தவனே என்று மண்ணை வாரித் தூற்றினார்கள். நான் துடைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் ஒரு மெஷினை வழிப்பதற்கு முன்னால் டெஸ்க்டாப்பில் இருப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன், பேர் கேட்கிறேன், எனக்கு அது யார் என்று தெரிந்த பிறகுதான் கை வைக்கிறேன். ஒரு மெஷினுக்கு ஒரு நாள் ஆகிறது, வாடிக்கையாளர் பாதி போய்விட்டார்கள்.

அக்கா தாலுகா ஆபீஸ் வாசலில் அதே இடத்தில்தான் மனு அடிக்கிறாள். பட்டா, வாரிசு, ரேஷன் கார்டு, யார் எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பாள். எப்போதாவது ஒருத்தர் மகளைக் கையோடு கூட்டிவந்து, மில் ஹாஸ்டலுக்கு ஒரு விண்ணப்பம் அடிக்கணும் என்பார். அக்கா இடது கையை நேரே நீட்டி உள்ளங்கையை விரிப்பாள், வாய் பாதி திறந்திருக்கும், அவர்கள் எழுந்து போகிறவரைக்கும் இறக்கமாட்டாள்.